ஜப்பானியப் பாட்டுக்குள் ஒரு கெட்டிமேளம்

யூமி ஒரு விரலைத் தூக்கினாள். அவ்வளவுதான். என் இரண்டு கைகளும் என்னைக் கேட்காமலே கெட்டிமேளம் கொட்டத் தொடங்கிவிட்டன.

இடம், டுசெல்டோர்ஃப் நகரில் ஒரு சைக்கிள் கடைக்குக் கீழே இருந்த நிலவறை. சுவர் முழுக்கப் பழைய கம்பளங்களை ஆணியடித்து மாட்டியிருந்தார்கள். புது டயர் வாசமும் கோப்பி வாசமும் கலந்து அடித்தன. கணினிக்கு முன்னால் கிட்டாரை மாட்டிக்கொண்டு கென் நின்றார். மைக்கின் முன்னால் யூமி. மூலையில் நான், என் ரிதம் பேட்டோடு. குச்சியால் தட்டினால் ஒரு கட்டத்தில் தவிலும் இன்னொரு கட்டத்தில் டோலக்கும் பேசுமே, அந்த மின்மேளம்.

கென்னும் யூமியும் ஜப்பானியர்கள். அவர்கள் செய்துகொண்டிருந்தது ஒரு ஜப்பானியப் பாட்டு. கணினி ஒலியும் முறுக்கேறிய கிட்டாரும் சேர்ந்து காதைப் பிய்க்கும் ரொக் பாட்டு. என் வேலை அதற்கு இரண்டு தட்டுத் தட்டிவிட்டு வாயை மூடிக்கொண்டு இருப்பது.

யூமி விரலைத் தூக்கியது 'கொஞ்சம் நில், தண்ணீர் குடிக்க வேண்டும்' என்பதற்கு. நான் ஒரு கலியாணத்தையே நடத்தி முடித்துவிட்டேன்.

மேளம் நின்றபோது கென் ஒரு காதில் இருந்து ஹெட்போனைக் கழற்றிப் பிடித்தபடி என்னைப் பார்த்தார். யூமியின் விரல் இன்னும் மேலேயே இருந்தது.

"மன்னிச்சுக்கொள். ஆரும் விரலைத் தூக்கினால் எனக்கு இப்பிடித்தான்" என்றேன்.

"என்ன அது?" என்றாள் யூமி. "திருப்பி அடி. ஒருக்கா திருப்பி அடி!"

நாங்கள் பேசியதெல்லாம் ஜெர்மன் மொழியில்தான். இங்கே என் வசதிக்காக இவர்களை யாழ்ப்பாணத்துத் தமிழில் பேசவிடுகிறேன். யூமி கோபிக்கமாட்டாள். கென் கோபிப்பார், அவருக்கு அது பழக்கம்.

விரலைப் பார்த்து வாழ்பவள்

இந்தத் தொடரை இன்றுதான் கையில் எடுத்தவர்களுக்காக இரண்டு வரி. நாங்கள் கெல்சென்கிர்ச்சனில் இருக்கிறோம். என் கணவர் சிறி பஸ் ஓட்டுகிறார். நான் டுசெல்டோர்ஃபில் செயற்கைப் பல் செய்யும் ஓர் ஆய்வுகூடத்தில் வேலை செய்கிறேன். சனி ஞாயிறுகளில் குகன் அண்ணையின் இசைக்குழுவில் பேட் வாசிக்கிறேன். கலியாணம், பெண்பிள்ளை பெரியவளாகும் சாமத்தியவீடு, பிறந்தநாள் என்று எங்கள் சனத்தின் சந்தோஷம் எல்லாவற்றிலும் ஒரு மூலையில் நான் நிற்பேன்.

கெட்டிமேளம் தவில்காரரின் வேலை. பேட்காரி அதில் தலையிடக் கூடாது. ஆனால் ஒரு கலியாணத்தில் தவில்காரர் நெடுஞ்சாலை நெரிசலில் அகப்பட்டுக்கொண்டார். முகூர்த்தம் நெருங்குகிறது, பெண்ணின் தகப்பனுக்கு வியர்த்துக் கொட்டுகிறது. குகன் அண்ணை என் பக்கம் திரும்பினார்.

"பிள்ளை, உன்ர பெட்டிக்குள்ள தவில் இருக்குத்தானே? அடி!"

அடித்தேன். அன்றிலிருந்து தவில்காரரைக் கூப்பிட வசதியில்லாதவர்களும், தவில்காரர் வந்து சேராதவர்களும் என்னைத்தான் பிடிக்கிறார்கள்.

மண்டபத்தின் ஒரு தொங்கலில் மணவறை. மறு தொங்கலில் நாங்கள். நடுவில் ஐந்நூறு பேர் கதைத்துக்கொண்டிருப்பார்கள். ஐயர் சொல்வது ஒன்றும் கேட்காது. ஆகவே ஐயரின் விரலைத்தான் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். விரல் எழும்பினால் அந்தக் கணமே மேளம் விழ வேண்டும். கொஞ்சம் பிந்தினாலும் பெண் வீட்டார் முகத்தில் விழிக்க முடியாது.

இப்படியே வருஷக்கணக்காக வாழ்ந்தால் மனிசருக்கு என்ன ஆகும்? மகளின் பள்ளிக்கூடத்தில் பெற்றோர் கூட்டம் நடந்தது. ஆசிரியை எதையோ வலியுறுத்த விரலைத் தூக்கினார். நான் மேசையில் இரண்டு கையாலும் படபடவென்று கொட்டிவிட்டேன். வீடு வந்து சேரும்வரை மகள் என்னோடு பேசவில்லை.

பக்கத்து மேசைக்காரி

யூமி எனக்குப் பக்கத்து மேசை. பல்லுக்கு நிறம் பார்ப்பதில் அவளுக்கு நிகர் அவள்தான். எங்களுக்கு வெள்ளை என்றால் வெள்ளை. அவளுக்கு அதில் பசுவெண்ணெய் நிறம், பழைய புத்தகத் தாள் நிறம், தேத்தண்ணீர் குடிப்பவர் நிறம் என்று எத்தனையோ உண்டு.

மெழுகு சூடாகும்வரை நான் கரண்டியால் மேசை விளிம்பில் தட்டிக்கொண்டிருப்பேன். மற்றவர்களுக்கு அது எரிச்சல். யூமி மட்டும் ஒருநாள் தன் கைபேசியை மெல்ல என் பக்கம் தள்ளி வைத்தாள். பார்த்தால் பதிவு ஓடிக்கொண்டிருக்கிறது.

"நான் பாடுறனான்" என்றாள். ஏதோ களவு எடுத்ததை ஒப்புக்கொள்வது போல மெல்லச் சொன்னாள்.

ஊரில் இருந்தபோது ஒரு குழுவில் பாடியவளாம். இங்கே வந்த பிறகு விட்டுவிட்டாள். கென் ஒரு கம்பனியில் பொறியியலாளர், அவளுடைய பழைய சிநேகிதர். இருவரும் ஞாயிற்றுக்கிழமைகளில் அந்த நிலவறையில் பாட்டுச் செய்கிறார்கள். வசந்தத்தில் ரைன் கரையில் ஜப்பானியர்கள் கூடும் விழாவில் ஒரு சின்ன மேடை கிடைத்திருக்கிறது. மேளத்துக்கு ஆள் இல்லை.

"என்ர பெட்டி உங்கட ஊரில செய்ததுதான். ஒருக்கா அது தன்ர சொந்தக்காரரைப் பாக்கட்டும்" என்றேன். அப்படித்தான் நான் அந்த நிலவறைக்குப் போனேன்.

கையெழுத்தா, கலியாணமா

பாட்டின் பெயர் 'மடோகுச்சி'. அரசாங்கக் கந்தோர்களில் கண்ணாடிக்குப் பின்னால் ஓர் ஆள் இருக்கும் கவுண்டருக்கு ஜப்பானியர் சொல்லும் சொல். காதல் பாட்டுக்கு இப்படி ஒரு பெயரா என்று நான் சிரித்தேன். பிறகு யூமி கதையைச் சொன்னாள்.

அவளுக்கும் மார்க்குஸ் என்ற ஜெர்மன்காரனுக்கும் காதல். அவளுடைய விசா முடிகிற நேரம். கலியாணப் பதிவுக் கந்தோரில் மாதக்கணக்காகக் காத்திருக்க வேண்டும். ஒரு புதன்கிழமை தொலைபேசி வந்தது. வெள்ளிக்கிழமை ஒரு டெர்மின், முன்கூட்டியே குறித்துக் கொடுக்கும் நேரம், காலியாகியிருக்கிறது, வருகிறீர்களா என்று. இந்த நாட்டில் டெர்மின் கிடைத்து யார் விடுவார்கள்? போய்க் கையெழுத்துப் போட்டுவிட்டார்கள்.

யூமிக்குத் தாய் சிறுவயதிலேயே இல்லை. வளர்த்தது தகப்பன். அவர் ஒரே மகளின் கலியாணத்துக்கு என்று எவ்வளவோ நினைத்து வைத்திருந்த மனிதர். வெள்ளிக்கிழமை பின்னேரம் மகள் தொலைபேசியில் செய்தியைச் சொன்னாள்.

"நீ கையெழுத்துப் போட்டிருக்கிறாய். கலியாணம் கட்டேல்லை. ஆர் பாத்தது?" என்று கேட்டாராம்.

அவர் கத்தவில்லை, உறவை முறிக்கவும் இல்லை. பிறந்தநாளுக்குத் தவறாமல் பேசுவார், குளிரா என்று கேட்பார். மார்க்குஸைப் பற்றி மட்டும் ஒரு சொல் கேட்கமாட்டார். அவர் கணக்கில் அப்படி ஒரு மருமகன் இல்லை. இந்த விழாவுக்கு முதல்தடவையாக ஜெர்மனிக்கு வருகிறார். ஆனால் ஹோட்டலில்தான் தங்குவாராம். கலியாணம் ஆகாதவர்கள் சேர்ந்திருக்கும் வீட்டில் தகப்பன் எப்படிப் போய் இருப்பது?

"எனக்கு மேடையும் வேண்டாம், கைதட்டும் வேண்டாம். அவர் என்ர வீட்டில வந்திருந்து ஒரு நேரம் சாப்பிட வேணும். அதுக்குத்தான் இந்தப் பாட்டு" என்றாள் யூமி.

பாட்டில் இருந்தது அந்த வெள்ளிக்கிழமைதான். கவுண்டர், பிளாஸ்ரிக் பூச்சாடி, பிரிண்டர். கென் ஒரு பிரிண்டரின் கிறீச் கிறீச் சத்தத்தைப் பிடித்து அதையே தாளமாக ஓடவிட்டிருந்தார். பெண் கையெழுத்துப் போடும் நேரத்தில் அதிகாரிக்குத் தும்மல் வருகிறது என்று ஒரு வரி. அதுவும் உண்மையில் நடந்தது.

என் கெட்டிமேளம் விழுந்தது அந்தத் தும்மல் வரிக்கு அடுத்து. யூமி திருப்பித் திருப்பி அடிக்கச் சொல்லிக் கேட்டுவிட்டு, இது எதற்கு என்றாள்.

"தாலி கட்டுற நேரம் அடிக்கிறது. அந்த நேரம் ஆரும் தும்மினாலோ, ஒரு கூடாத சொல்லுச் சொன்னாலோ பொம்பிளை மாப்பிளையின்ர காதில விழக் கூடாது. அதுதான் சத்தம்."

யூமி அப்படியே தரையில் இருந்துவிட்டாள். வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். சிரித்துக்கொண்டிருந்தவள் அழத் தொடங்கினாள். "எனக்கு அண்டைக்கு ஒருத்தரும் அடிக்கேல்லை" என்றாள். கென் கணினித் திரையைத் துடைத்துக்கொண்டிருந்தார். அது ஏற்கெனவே சுத்தமாகத்தான் இருந்தது.

கட்டத்துக்குள் அடங்காதது

ஆனாலும் கென் கென்தான். அவருடைய திரையில் பாட்டு முழுவதும் சின்னச் சின்னக் கட்டங்களாக நிற்கும். ஒவ்வொரு ஒலியும் தன் கட்டத்துக்குள் இருக்க வேண்டும்.

"இது எத்தினை அடியில முடியும்?" என்று கேட்டார்.

"கட்டி முடியேக்கை முடியும்."

"எதைக் கட்டி?"

"தாலியை."

"எங்கட பாட்டில தாலி இல்லை."

"எனக்கும் அதுதான் யோசனை" என்றேன்.

அடுத்த ஞாயிறு அவர் என் மேளத்தைத் துண்டு துண்டாக வெட்டிக் கட்டங்களுக்குள் அடைத்து வைத்திருந்தார். சலவை மெசினுக்குள் சப்பாத்துப் போட்ட மாதிரி இருந்தது. அதற்கடுத்த ஞாயிறு அதை முழுவதுமாக எடுத்துவிட்டார். இப்போது பாட்டுச் சுத்தமாக இருக்கிறது என்றார். யூமி கோட்டை மாட்டிக்கொண்டு படியேறிப் போய்விட்டாள். நான் கொண்டுபோன மரக்கறி ரோல்ஸை நானும் கென்னும் தின்றோம்.

மூன்றாவது ரோல்ஸில் மனிதர் இறங்கி வந்தார்.

"கணினியை நிப்பாட்டினால் என்ன?" என்றார். பாட்டு அந்த இடத்தில் அப்படியே நிற்கட்டும். பிரிண்டர், கிட்டார், எல்லாம். மேளம் மட்டும் தனியே. மேளம் முடிந்ததும் அவர் காலால் ஒரு விசையை அமத்துவார். எல்லாம் திரும்பப் பாயும்.

யூமியைக் கூப்பிட்டோம். அவள் தெருமுனைக்கு மேல் போயிருக்கவில்லை. வந்து பாடினாள், விரலைத் தூக்கினாள், நான் கொட்டினேன், கென் விசையை மிதித்தார். கிட்டார் திரும்ப உள்ளே விழுந்தபோது எனக்குப் புல்லரித்தது. கட்டம் கட்டமாக வாழும் அந்த மனிதர் நின்ற இடத்தில் துள்ளினார். மேலே இருந்து சைக்கிள் கடைக்காரர் என்ன நடக்கிறது என்று எட்டிப் பார்த்தார்.

"ஆனால் மேடையில இதே அளவு. கூடக் கூடாது" என்றார் கென். சரி என்று தலையாட்டினேன்.

எங்கள் சனம் சொன்னது

விழாவுக்கு முன்னமே பதிவை இணையத்தில் போட்டார்கள். ஜப்பானில் இருந்து ஒருவர், "நடுவில் என்ன, கூரை இடிந்து விழுகிறதா? தயவுசெய்து இன்னும் இடியுங்கள்" என்று எழுதியிருந்தார். ஆய்வுகூட முதலாளியம்மா, காரில் அதைக் கேட்டுச் சிவப்பு விளக்கைத் தாண்டிவிட்டதாகச் சொன்னார்.

எங்கள் ஆட்களின் விமர்சனம் வேறு மாதிரி. குகன் அண்ணை கண்ணை மூடிக்கொண்டு முழுவதும் கேட்டார்.

"பாட்டு நல்லாத்தான் இருக்கு பிள்ளை. ஆனால் மேளம் அடிச்சுப்போட்டுத் தாலி கட்டாமல் விட்டால், கேக்கிற ஆளுக்கு ஒரு மாதிரி எல்லே இருக்கு?"

சிறி மட்டும் பஸ்ஸில் போட்டுக் கேட்கப் போவதாகச் சொன்னார். போட்டாரோ தெரியாது. போட்டிருந்தால் வேலை போயிருக்கும்.

ரைன் கரையில்

விழா நாளன்று காலையில் கெல்சென்கிர்ச்சனில் எங்களுக்கு ஒரு கலியாணம். தாலி கட்டி முடிந்ததும் என் பேட்டை எங்கள் வான் வண்டியில் ஏற்றினோம். இசைக்குழு முழுவதும் கூடவே ஏறிவிட்டது. வேட்டி, பட்டுச்சேலை, கொண்டையில் பூ, எல்லாம் அப்படியே. உடுப்பு மாற்ற யாருக்கு நேரம்?

சிறியின் கையில் ஒரு பெரிய பை. நிறைய அறுகரிசி, அட்சதைதான். அந்த மண்டபத்தில் அரிசி எறியக் கூடாது, எறிந்தால் கூட்டித் துப்புரவாக்கக் காசு கட்ட வேண்டும் என்று பொறுப்பாளர் பிடிவாதமாக நின்றதால் மிஞ்சிப்போனது. வீணாக்கக் கூடாது என்று இவர் தூக்கிக்கொண்டு வந்துவிட்டார்.

மேடையில் இருந்து பார்த்தேன். முதல் வரிசையில் சாம்பல் நிறக் கோட்டில் யூமியின் அப்பா. கைகளைக் கட்டிக்கொண்டு நிமிர்ந்து இருந்தார். பக்கத்தில் மார்க்குஸ், அவருக்காக ஒரு தண்ணீர்ப் போத்தலையும் குடையையும் பிடித்துக்கொண்டு. இருவருக்கும் நடுவில் ஒரு கதிரை வெறுமையாக இருந்தது. பின்வரிசையில் எங்கள் பட்டாளம்.

கடைசிப் பாட்டு 'மடோகுச்சி'. யூமி நன்றாகப் பாடினாள். ஆனால் அப்பாவின் பக்கம் பார்க்கவே இல்லை. தும்மல் வரி வந்தது. விரலைத் தூக்கினாள். பாட்டு நின்றது, மேளம் விழுந்தது.

கெட்டிமேளம் கேட்டால் எங்கள் சனம் சும்மா இருக்குமா? பின்வரிசை அப்படியே எழும்பியது. பைக்குள் கையை விட்டார்கள், அறுகரிசி பறந்தது. ஜப்பானியப் பெடியளும் பெட்டையளும் இதுவும் நிகழ்ச்சியில் சேர்த்தி என்று நினைத்து ஓடிவந்து கையேந்தினார்கள். சிறி முன்வரிசைக்குப் பக்கத்தில் வந்து, கோயிலில் பிரசாதம் கொடுப்பது போல வரிசையில் நிற்கவைத்துக் கொடுத்தார். எல்லோரும் எறிந்தார்கள், எல்லோரும் சிரித்தார்கள்.

யூமியின் அப்பா தன் கோட்டில் விழுந்த அரிசியை ஒன்றொன்றாக எடுத்துப் பார்த்தார். பிறகு மார்க்குஸின் பக்கம் திரும்பி ஏதோ கேட்டார். கீழே நடந்த பேச்சு எனக்குப் பிறகு சிறி சொல்லித்தான் தெரியும். இது என்ன என்று அவர் கேட்க, மார்க்குஸ் திரும்பிச் சிறியைக் கேட்டிருக்கிறான்.

"கலியாணத்தில போடுறது. நாங்கள் பாத்தனாங்கள், எங்களுக்குச் சம்மதம், நல்லா இருங்கோ எண்டு அர்த்தம்" என்று இவர் சொல்லியிருக்கிறார்.

பாவம் மார்க்குஸ். மாலை வகுப்பில் படித்த ஜப்பானிய மொழியில், அந்த மனிதருக்கு, அதை அவனே சொல்ல வேண்டி வந்தது. முகம் சிவந்து சிவந்து சொன்னானாம்.

பேசிக்கொண்ட அளவு முடிந்துவிட்டது. நான் நிறுத்த வேண்டும். கென் விசையில் காலை வைத்துவிட்டார். அந்த நேரம் பார்த்து யூமியின் அப்பா சிறியின் பைக்குள் கையை விட்டு அள்ளினார். மார்க்குஸின் சட்டைக் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு மேடைப் படியை நோக்கி நடந்தார்.

முடிச்சு விழுமுன் மேளம் நிற்கக் கூடாது. எங்கள் தொழிலில் அதற்கு மேல் ஒரு சட்டம் இல்லை. நான் நிறுத்தவில்லை. கென் என்னை முறைத்தார். கண்ணால் படியைக் காட்டினேன். பார்த்தார். காலை விசையில் இருந்து எடுத்து, இரண்டடி பின்னால் போய் நின்றுகொண்டார்.

கிழவருக்கு வயது எண்பதுக்குக் கிட்ட. படி ஏற நேரம் எடுத்தது. என் மணிக்கட்டுக் கழன்றுவிடும் போல இருந்தது. ஆனால் என் வாழ்க்கையில் அவ்வளவு சந்தோஷமாக நான் ஒரு மேளமும் அடித்ததில்லை. மார்க்குஸைக் கொண்டுபோய் யூமிக்குப் பக்கத்தில் நிறுத்தினார். இடைவெளி கூட என்று நினைத்தாரோ, தோளைப் பிடித்துக் கொஞ்சம் கிட்டத் தள்ளினார். முதலில் மருமகனின் தலையில் போட்டார். பிறகு மகளின் தலையில். கையில் ஒட்டியிருந்த கடைசி அரிசியையும் தட்டிப் போட்டுவிட்டு, இருவருக்கும் குனிந்து வணங்கினார்.

நான் குச்சிகளைத் தூக்கினேன். கென் விசையை மிதித்தார். யூமியால் பாட முடியவில்லை. கடைசி அடிகளைக் கிட்டார்தான் பாடியது.

மேடைக்குப் பின்னால் எல்லோரும் எல்லோரையும் கட்டிப்பிடித்துக்கொண்டிருந்தோம். யூமியின் தலைமயிரில் இருந்து நான் அரிசி பொறுக்கிக்கொண்டிருந்தேன். சிறி வேட்டியை மடித்துக் கட்டியபடி குகன் அண்ணையிடம் சொன்னார்.

"இண்டைக்குத்தான் அண்ணை இந்தப் பிள்ளைக்குக் கலியாணம் நடந்திருக்கு. என்ன, சாப்பாடுதான் போடேல்லை."

நாங்கள் சிரித்ததும் யூமி என்னவென்று கேட்டாள். நான் சொன்னேன். அவள் அப்பாவுக்குச் சொன்னாள். அவர் சிரிக்கவில்லை. மிகவும் முக்கியமான ஒரு குறையைச் சுட்டிக்காட்டிவிட்டார்கள் என்பது போல யோசித்தார். பிறகு ஜப்பானிய மொழியில் ஒரு வசனம் சொன்னார். யூமி வாயைப் பொத்திக்கொண்டாள். அவளால் மொழிபெயர்க்க முடியவில்லை. மார்க்குஸ்தான் சொன்னான்.

"உண்மைதானாம். எல்லாரும் மகள் வீட்டை வாங்கோவாம். தானும் வாறாராம்."

யூமியின் வீட்டில் நாலு கதிரைதான் இருந்தது. அவரை மேசையில் இருத்திவிட்டு, நாங்கள் எல்லோரும் தட்டைக் கையில் பிடித்துக்கொண்டு நின்றபடியே சாப்பிட்டோம்.